சம்பளச் சீட்டு முதல் இட்லித் தட்டு வரை... தெரியுமா?

படிப்பு முடிந்து முதல் வேலையில் சேரும் வயது இருக்கிறதே, 22-லிருந்து 30 வரை, அந்த ஆண்டுகளில் நடப்பதெல்லாம் பார்வைக்கு ரொம்பச் சாதாரணம். சம்பளம் வரும், வாடகை போகும், மெஸ்ஸில் சாப்பாடு, முடிந்தால் மாலையில் நடை, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், புதுச்சேரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்!

27 வயது இளைஞர் ஒருவர் அன்றாடம் நடந்ததை எழுதிவைத்த குறிப்பேடு, இன்று பிரெஞ்சிந்திய வரலாற்றுக்கே முதன்மையான ஆவணங்களில் ஒன்றாக இருப்பது தெரியுமா? ஆனந்தரங்கப் பிள்ளைதான் அந்த இளைஞர். 1709-இல் பிறந்தவர், 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார். என்ன கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, யார் யாருக்குப் பணம் தரவேண்டும், எந்த வீட்டில் விசேஷம், கவர்னர் யார்மேல் கோபமாக இருக்கிறார் என்று எல்லாவற்றையும் அன்றைய பேச்சுத் தமிழில் எழுதினார். 1761-இல் கண்ணை மூடும் காலம்வரை, ஏறக்குறைய 25 ஆண்டு எழுதினார்! நடுவில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும், உயர்ந்துவிட்டார். வேலை, வரவு செலவு, ஊர் நடப்பு ஆகியவற்றை ஓர் இளைஞன் நாள்தோறும் குறித்துவைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

சரி, அவர் பெரிய வணிகர். நமக்கு என்ன பயன்? இருக்கிறது! ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று அறியப்படும் ஹனி மோட்டோகோ, 1904-இல் குடும்ப வரவு செலவு எழுதுவதற்கென்றே ஓர் ஏட்டை அச்சிட்டு வெளியிட்டார். நூற்றிருபது ஆண்டு தாண்டியும் அந்த முறையை ஜப்பானியர்கள் விடவில்லை. 2008-இல் அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்து நடந்த உடல் எடைக் குறைப்பு ஆய்வில் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுதிவந்தவர்கள், எழுதாதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள்! ஒரு பேனா, ஒரு நோட்டு. அவ்வளவுதான் கருவி!

'21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை முடிந்த நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். மூக்கு திருத்திக்கொண்டவர்களைப் பற்றிய கணிப்பு, நம் காலை நடைக்கு விதியாகிவிட்டது! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் சோதித்து, 2009-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டில் ஒரு பழம், சாப்பிட்டதும் சிறு நடை போன்ற எளிய பழக்கங்கள்தான். தானாக வருமளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்ற அளவுக்கு வித்தியாசம்! அதிலும் மனசுக்கு இதமான செய்தி ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. நேற்று நடக்கப் போகவில்லையா? இன்று போங்கள், எதுவும் நஷ்டமில்லை.

பணம் கையை விட்டுப் போகும் வேகம்!

2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டு என்ற ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. வகுத்துப் பாருங்கள்: நீங்கள் கண் சிமிட்டும் ஒவ்வொரு நொடியிலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள்! டீக்கடை, பூக்காரம்மா, ஷேர் ஆட்டோ, கோயில் வாசல் செருப்புக் கடை வரைக்கும் அந்தக் கட்டம்போட்ட அட்டை வந்தாயிற்று.

வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் நோட்டை எண்ணிக் கொடுக்காதபோது நம் மனசு என்ன செய்கிறது தெரியுமா? அமெரிக்காவின் எம்ஐடியில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பகுதியினர் ரொக்கம் தரவேண்டும், மறு பகுதியினர் கிரெடிட் கார்டில் தரலாம். அதே டிக்கெட்டுக்குக் கார்டுக்காரர்கள் கேட்ட விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! 2001-இல் வெளியான ஆய்வு இது. நம் அம்மாக்கள் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பணத்தைப் பிரித்துப் பிரித்து வைத்தார்களே, அதன் அருமை இப்போது புரிகிறதா? இன்றைக்கும் அதைச் செய்யலாம். சம்பளம் வரும் கணக்கு ஒன்று, செலவுக் கணக்கு வேறொன்று. மாத முதல் தேதி செலவுக்கு மட்டும் அதில் போட்டு, யுபிஐயை அந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். டப்பா காலியானால் தெரிந்துவிடும்.

கிரெடிட் கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு வரி இருக்குமே, அதைக் கட்டினால் போதும் என்று நினைக்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லியே ஆகவேண்டும். பாக்கி 50,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 1,750. அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065 ரூபாய். நீங்கள் கட்டும் 5 சதவீதக் குறைந்தபட்சத் தொகை 2,500. அப்படியானால் கடனில் கழிந்தது எவ்வளவு? வெறும் 435 ரூபாய்! போதாதற்கு, முழுத் தொகையைக் கட்டாத மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டு வைத்திருப்பது தப்பில்லை. முழு பில்லையும் கட்ட முடியாத மாதத்தில் கார்டைத் தொடுவதுதான் ஆபத்து.

கடன் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை என்பது பலருக்குத் தெரியும். அந்த முழு அறிக்கையை நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பது தெரியுமா? நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நம் பெயரில் நாம் வாங்காத கடன் ஏதாவது நிற்கிறதா என்று பார்க்க இதுவே எளிய வழி.

அறை, வாடகை, அடுப்பு

சென்னையில் வீடு தேடுபவர்களிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்கு ஒவ்வாது! எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் கட்டாயம். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை ஒரு முறை படியுங்கள். ஹவுஸ் ஓனரிடம் மரியாதையாகவே கேட்கலாம், கேட்டால் குறைகிற இடங்களும் உண்டு.

வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசே தாம்பரம், அடையாறு, திருச்சி, வேலூர், சேலம் என்று பல ஊர்களில் 'தோழி விடுதி' நடத்துகிறது. அதற்கென்று தனி நிறுவனமே இருக்கிறது. கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. முதல் வேலையில் இருப்பவருக்கு 888 என்பது சின்னத் தொகையா என்ன!

புது ஊரில் முகவரிச் சான்று இல்லை, கேஸ் கிடைக்கவில்லை என்று தினமும் வெளியில் சாப்பிடுகிறீர்களா? அடையாள அட்டை ஒன்றைக் காட்டினாலே 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும். இண்டேன் அதற்கு 'சோட்டு' என்றே பெயர் வைத்திருக்கிறது. அதோடு ஒரு சின்னக் குக்கர். குக்கர் என்பது நம் பாட்டி காலத்துச் சாமான் என்றா நினைத்தீர்கள்? டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்! உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் குழைவதன் சூட்சுமம் அந்த 20 டிகிரிதான்.

தட்டில் நடக்கும் அதிசயம்

இட்லி மாவில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, சோடா போடவேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் இரவோடு இரவாக மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிகிறதே, எப்படி? ஊறும் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள்தான் காரணம். லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அதில் முக்கியமான ஆள். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, புளிப்பும் சேர்க்கிறது. வாயு தப்பிப் போகாமல் பிடித்துவைப்பது யார்? உளுந்தின் வழவழப்பு! அதனால்தான் உளுந்தைப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும் என்கிறார்கள். கடலை மாவிலோ துவரம்பருப்பிலோ இந்த மென்மை வராது.

இதைவிடப் பெரிய வியப்பு புரதத்தில் இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அந்த மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது! ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. வேதியியல் ஆய்வகம் இல்லாத காலத்தில் நம் அடுக்களை கண்டடைந்த சேர்க்கை இது. பொங்கலில் பாசிப்பருப்பு, சாம்பார் சாதத்தில் துவரை, அடையில் நான்கு பருப்பு என்று எங்கே திரும்பினாலும் அதே கூட்டணிதான்.

அப்படியானால் போதுமான புரதம் கிடைத்துவிடுகிறதா? இங்கேதான் தனியாகத் தங்கியிருப்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம்தான். மெஸ்ஸில் சோற்றை மலையாகக் குவித்து, தண்ணீராக ஓடும் சாம்பாரை ஊற்றி முடித்துக்கொண்டால் அந்த 50 எட்டாது. டப்பா டப்பாவாகப் புரதப் பொடி வாங்கித்தான் தீரவேண்டுமா? தேவையே இல்லை! ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கும் மேல். மெரினாவில் பொட்டலம் கட்டித் தரும் பட்டாணிச் சுண்டல்கூட இந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும். இரண்டு முட்டை, கொஞ்சம் கடலை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர் ஆகியவற்றைத் தினப்படியோடு சேர்த்தால் காரியம் முடிந்தது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரண்டில் ஒருவருக்கும் மேல்! படிக்கவே மனசு பதறுகிறது. கீரை சாப்பிட்டும் இரும்புச் சத்து ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்கள், சாப்பிட்ட கையோடு என்ன குடிக்கிறார்கள் என்று பாருங்கள். டீயிலும் காபியிலும் உள்ள பொருள்கள் கீரையின் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. அதே கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உடம்பு அதிகமாக எடுத்துக்கொள்கிறது. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், வைட்டமின் சி சூட்டுக்குத் தாங்காது. கொய்யாப்பழத்தில் அதே எடை ஆரஞ்சில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி இருப்பது தெரியுமா? தள்ளுவண்டியில் மிளகாய்த் தூள் தடவிக் கொடுப்பார்களே, அதே கொய்யாதான்!

காலையில் வடித்த சோற்றை இரவுவரை அப்படியே வெளியில் வைத்துச் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். நீரூற்றிப் புளிக்கவிட்ட பழைய சோற்றின் கதை வேறு. அங்கே புளிப்பு, கெட்ட கிருமிகளை அடக்குகிறது. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்து எளிதில் செரிக்காத வகையாக மாறி, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது என்பது கூடுதல் லாபம்.

சாப்பாட்டு மணி கேட்டுப் பிறந்த சங்கம்!

மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, காதில் மீட்டிங் ஓட, வாயில் சோறு போகிற ஆபீஸ் வாழ்க்கை இன்று எத்தனை பேருக்கு! அந்தச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்று நடத்திய சங்கம். அந்தத் தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை! ஐந்து ஆண்டு கழித்து, 1923 மே 1-இல் சிங்காரவேலர் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இடைவேளையை நாம் மீட்டிங்குக்குத் தாரைவார்க்கலாமா? எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.

உட்காரும் உரிமைக்கும் சட்டம் உண்டு! ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. கேரளத்துக்கு அடுத்து இதைச் செய்தது நாம்தான். ரங்கநாதன் தெருவில் அந்த நாற்காலிகள் எத்தனை கடைகளில் உண்மையாகவே இருக்கின்றன என்று போகும்போது பாருங்கள். இல்லாத கடையில் கேளுங்கள்.

நிற்பவர்களுக்கு நாற்காலி வேண்டும், உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு நடை வேண்டும். இதை உலகுக்கு முதலில் காட்டியது லண்டன் பஸ்! ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே தெரு, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். ஆனால் உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம், தினமும் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்தவர்களுக்குக் குறைவு! உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, அதற்கான முதல் வலுவான சான்றுகளில் ஒன்று அந்த மாடிப்படிதான்.

அப்படியானால் தினமும் 10,000 அடி நடந்தே ஆகவேண்டுமா? அந்த எண் எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொன்னதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. விளம்பரம் விதியாகிவிட்டது! ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வயதான பெண்களில் நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் கணிசமாகக் குறைந்தது. 7,500-க்குமேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. பத்தாயிரம் எட்டவில்லையே என்று சோர்ந்து ஷூவைக் கழற்றிப் போட்டவர்கள் மறுபடி மாட்டுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது.

ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டுமுன் இதைக் கேளுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது' என்ற பொருளில் இருந்தது. மாதம் 70 டாலருக்குமேல் கட்டியவர்கள் மாதத்துக்கு 4 தடவைதான் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்குமேல் ஆயிற்று. தடவைக்கு 10 டாலர் வீதம் கொடுத்துப் போயிருந்தால் மிச்சம்! முதல் மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள், தொடர்ந்து போனால் பிறகு ஆண்டுச் சந்தா.

ஆனால் எடை தூக்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் எலும்பு 30 வயதையொட்டி உச்ச வலுவை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டுவதைவிடக் காப்பதே வேலை. தசையும் 30-க்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் கரைகிறது. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து அதிகம் இழுத்துக்கொள்வதே தசைதான். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி! இந்த எண்ணிக்கையில் சேராமலிருக்க ஜிம்தான் வேண்டுமென்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்தில் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும்தான். தண்டாலும் பஸ்கியும் நம் ஊர் சொத்து, அறைக்குள் ஆறடி இடம் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனை வரை பத்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

தூக்கம் வரவில்லையா? மாலை 6 மணிக் காபியில் இருந்த காஃபீனில் பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்! பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. கடைசிக் காபியை மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

சம்பளச் சீட்டின் அடி வரியில்...

பிடித்தம் என்ற பத்தியைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறோம். ஆனால் அங்கே எவ்வளவு நடக்கிறது தெரியுமா? அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். உங்களிடமிருந்து 12 சதவீதம், அதாவது 1,800 பி.எஃப். போகிறது. நிறுவனமும் 1,800 போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கு, 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கு. ஆக மாதம் 2,350. 2024-25-க்கு அரசு தந்த வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்து, உங்கள் சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் 22 வயதிலிருந்து 58 வரை இது போய்க்கொண்டே இருந்தால்? போட்ட பணம் 10 லட்சத்துச் சொச்சம், கையில் வருவது 55 லட்சத்துக்கும் மேல்!

வட்டிக்கு வட்டி செய்யும் மாயத்துக்கு வயதுதான் தீனி. அக்கா 22 வயதில் மாதம் 3,000 போட ஆரம்பித்து 32-இல் நிறுத்திவிடுகிறாள். தம்பி தன் 32-இல் ஆரம்பித்து 60 வரை விடாமல் மாதம் 3,000 போடுகிறான். இருவருக்கும் ஆண்டு வட்டி 8 சதவீதம். அறுபதாவது வயதில் யாரிடம் அதிகம் இருக்கும்? தம்பி போட்டது 10 லட்சம், கிடைப்பது சுமார் 34 லட்சம். அக்கா போட்டது வெறும் 3.6 லட்சம், அவளுக்குக் கிடைப்பது சுமார் 45 லட்சம்! நம்ப முடியவில்லை என்றால் கால்குலேட்டரை எடுங்கள். வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால் பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று தெரியும். இந்தக் குறுக்குவழியை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி 1494-இலேயே அச்சில் ஏற்றிவிட்டார். எட்டு சதவீதத்துக்கு ஒன்பது ஆண்டு. மாதம் 30 சதவீதம் தருகிறோம் என்று எவராவது வந்தால் அதே 72-ஐப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்குள் பணம் இரட்டிக்க வேண்டும்! உலகில் எந்த நேர்மையான தொழிலும் அப்படித் தராது. ஓடிவந்துவிடுங்கள்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து புது போன் வாங்கிவிடுவது நம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கும் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரியும் விழும். பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் யுஏஎன் எண் ஒன்றே வாழ்நாள் முழுக்க. பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றினால் பணி ஆண்டுகளும் தொடரும். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, உங்களிடமிருந்து 0.75 சதவீதம்தான், நிறுவனம் 3.25 சதவீதம். உங்களோடு உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை, நோயில் படுத்தால் விதிகளுக்கு உட்பட்டு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் குறைவாகத் தெரிந்த செய்தி. பி.எஃப். உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயுள் காப்பீடு தானாகவே இருக்கிறது! பிரீமியம் முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு, உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. பணியில் இருக்கும்போது எதிர்பாராதது நடந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். ஆனால் நாமினி பதியாமல் விட்டதால் ஆபீஸுக்கும் தாலுகாவுக்கும் சான்றிதழுக்காக அலையும் பெற்றோர் நம் ஊரில் குறைவில்லை. கல்யாணத்துக்கு முன் பதிந்த நாமினி, கல்யாணம் ஆனதும் செல்லாது. மறுபடி பதிய வேண்டும். பி.எஃப். நிறுவனமான இபிஎஃப்ஓவின் இணையதளத்தில் ஆதார், ஒரு புகைப்படம், சில நிமிடம் போதும். இன்றிரவே பதிந்துவிடுங்கள், பதிந்ததை அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.